‘இதுக்கு கொள்ளேகால்ல இருந்துதான் ஆள் வரணும்’: இதை உங்கள் அமெரிக்க மேனேஜருக்கு எப்படி மொழிபெயர்ப்பீர்கள்? ஆபீஸ் ஆங்கில மரபுத்தொடர்கள், ஒரு விளக்கம்

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். இரவு எட்டு மணி, கிளையன்ட் கால். மூன்று நாளாக சர்வர் காரணமே தெரியாமல் விழுந்துகொண்டிருக்கிறது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. சென்னை டீமில் ஒருவர், மைக்கை மியூட் செய்ய மறந்து, "இதுக்கு இனிமே கொள்ளேகால்ல இருந்துதான் ஆள் வரணும்" என்கிறார்.

தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். டெக்சஸில் இருக்கும் மேனேஜர், என்ன ஜோக் என்று கேட்கிறார். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அப்பாவியாக, சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்கிறான்: கொள்ளேகாலில் இருந்து ஒருவரை வரவழைக்க வேண்டுமாம். மறுமுனையில் இருந்து சீரியஸாக ஒரு கேள்வி வருகிறது: "அவர் நம்ம வெண்டாரா? ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சார்ஜ் பண்ணுவார்?"

மேனேஜர் மேல் தப்பே இல்லை. அவர் காதில் விழுந்த சொற்களுக்கு அதுதான் அர்த்தம். ஆனால் அதே மேனேஜர் மறுநாள் "பால்பார்க் கொடுங்க", "ரெயின் செக் எடுத்துக்கிறேன்", "இதை டேபிள் பண்ணிடலாம்" என்று அடுக்கும்போது, அந்த அப்பாவிப் பையனின் இடத்தில் நாம் நிற்கிறோம். அங்கே தப்பாகப் புரிந்துகொண்டால் சிரிப்போடு முடிவதில்லை. ஒரு வார இறுதி போகலாம், ஒரு டெட்லைன் போகலாம், சில சமயம் வேலையே போகலாம்.

பள்ளியில் மரபுத்தொடர்களை நாம் ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்தோம். ஆபீஸில் அந்தப் பட்டியல் பாதிதான் உதவும். ஒரு தொடர் எங்கிருந்து வந்தது, எந்த ஊர்க்காரர் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அர்த்தம் முழுமையாகிறது.

ஊர்ப்பெயரே மரபுத்தொடராவது எப்படி?

முதலில் கொள்ளேகாலையே எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் அது கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்படும் வரை அது சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பிறகு மைசூர் மாவட்டத்துக்குப் போனது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. ஊரின் அடையாளம் பட்டு. கொள்ளேகால் பட்டுப்புடவை என்றால் கர்நாடகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

தமிழ்ப் பேச்சு வழக்கில் மட்டும் கொள்ளேகால் என்றால் மாந்திரீகம், தகடு, செய்வினை. பட்டு நெய்து பிழைக்கும் ஊருக்கு இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது அந்த ஊர்க்காரர்களுக்கு நியாயமாகப்படாமல் போகலாம். ஆனால் "கொள்ளேகால்ல இருந்து ஆள் வரணும்" என்று சொல்பவர் யாரும் பேருந்து நேரம் பார்த்துச் சொல்வதில்லை. "இது மனுஷனால சரி பண்ற காரியமா தெரியலை" என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்.

ஆங்கிலமும் இதைத்தான் செய்கிறது. இங்கிலாந்தில் ஒருவரை "சென்ட் டு கவன்ட்ரி" செய்துவிட்டார்கள் என்றால், கவன்ட்ரி நகரத்துக்கு டிரான்ஸ்ஃபர் என்று அர்த்தமில்லை. கூட இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். நம் கிராமத்துப் பேச்சில் அன்னந்தண்ணி புழங்காமல் ஒதுக்கிவைப்பது போல.

"கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்" என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால், நியூகாசில் நிலக்கரிக்குப் பேர்போன துறைமுக நகரம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அங்கேயே நிலக்கரி கொண்டுபோவது வீண் வேலை. நம்மிடம் இதற்கு இரண்டு தொடர்கள் இருக்கின்றன. கொல்லத் தெருவில் ஊசி விற்பது ஒன்று. "திருநெல்வேலிக்கே அல்வாவா?" என்பது இன்னொன்று.

நம் நாட்டு ஊர் ஒன்றும் ஆங்கிலத்துக்குள் இப்படிப் போயிருக்கிறது. பிரிட்டனில் புத்தி பேதலித்தவரை "டூலாலி" என்பார்கள். நாசிக் அருகே உள்ள தேவ்லாலி என்ற ஊரின் பெயர்தான் அது. அங்கே பிரிட்டிஷ் ராணுவ முகாம் இருந்தது. ஊருக்குத் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த சிப்பாய்கள் வெயிலிலும் காய்ச்சலிலும் வெறுமையிலும் நிலைகுலைந்துபோனதால், ஊரின் பெயரே அந்த நிலைக்குப் பெயரானது. கொள்ளேகாலுக்கு நாம் செய்ததைத் தேவ்லாலிக்கு அவர்கள் செய்திருக்கிறார்கள்.

மேனேஜர் எந்த மைதானத்தில் நிற்கிறார்?

ஆபீஸ் ஆங்கிலத்தில் நாம் அதிகம் தடுமாறுவது விளையாட்டிலிருந்து வந்த தொடர்களில்தான். காரணம் எளிது. அமெரிக்கர் பேஸ்பால் பார்த்து வளர்ந்தவர். நாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள்.

"பால்பார்க் ஃபிகர்" என்பதில் வரும் பால்பார்க், பேஸ்பால் மைதானம். மைதானத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் இருந்தால் போதும், அதாவது உத்தேசக் கணக்கு. "பால்பார்க் சொல்லுங்க" என்று கிளையன்ட் கேட்டதும் "பத்து நாள்" என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு, அதைக் காப்பாற்ற சனி, ஞாயிறு கண்விழிப்பவர்கள் நம்மில் உண்டு. கேட்டவர் எதிர்பார்த்தது "எட்டு முதல் பதினைந்து நாள்" என்ற பதிலைத்தான்.

"டச் பேஸ்" என்றால் சுருக்கமாக ஒருமுறை பேசிக்கொள்வது. பிரசன்டேஷன் எதுவும் தயாரிக்க வேண்டாம். "கர்வ்பால்" வந்தது என்றால் எதிர்பாராத சிக்கல் வந்தது. "ஸ்டெப் அப் டு தி பிளேட்" என்றால் பொறுப்பை எடுத்துக்கொண்டு முன்னால் வா. "அவுட் ஆஃப் லெஃப்ட் ஃபீல்டு" என்றால் சம்பந்தமே இல்லாமல் எங்கிருந்தோ வந்த யோசனை.

இவற்றில் "ரெயின் செக்" மட்டும் கொஞ்சம் நுணுக்கமானது. மழையால் ஆட்டம் நின்றுபோனால், இன்னொரு நாள் வந்து பார்த்துக்கொள்ள அனுமதிக்கும் சீட்டுக்கு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் அந்தப் பெயர் வந்தது. "கேன் ஐ டேக் எ ரெயின் செக்?" என்று ஒருவர் சொன்னால், இப்போது முடியாது, பிறகு பார்க்கலாம் என்று பொருள். நிஜமாகவே பிறகு வருவாரா, நாசூக்காக மறுக்கிறாரா என்பது ஆளைப் பொறுத்தது. நம் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டால் "கண்டிப்பா வரப் பார்க்கிறேன்" என்பார்களே, அந்த ரகம்.

சரி, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய கிளையன்ட் என்றால் கிரிக்கெட் பேச்சுதானே, நமக்கு ஈஸி என்று நினைக்கலாம். "பேக் ஃபுட்டில் இருக்கிறோம்", "ஸ்டிக்கி விக்கெட்" போன்றவை ஈஸிதான். முன்னது பின்வாங்கித் தற்காக்கும் நிலை, பின்னது சங்கடமான சூழல். ஆனால் நம் கிரிக்கெட் அறிவே நம்மைக் கவிழ்க்கும் இரண்டு தொடர்கள் இருக்கின்றன.

ஒன்று, "நாக்ட் ஃபார் சிக்ஸ்". சிக்ஸ் என்றதும் நமக்கு விசில் அடிக்கத் தோன்றும். தமிழில் "சிக்ஸர் அடிச்சுட்டான்" என்றால் வெற்றி. ஆனால் பிரிட்டிஷ்காரர் "தி நியூஸ் நாக்ட் மீ ஃபார் சிக்ஸ்" என்றால், அவர் பேட்ஸ்மேன் இல்லை, பந்து. செய்தி அவரைத் தூக்கி அடித்துவிட்டது, நொறுங்கிப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அங்கே போய் "கங்கிராட்ஸ்" என்று டைப் செய்தால் என்ன ஆகும்?

இன்னொன்று, "போல்டு ஓவர்". போல்டு என்றால் அவுட், தோல்வி என்று நம் மூளை சொல்லும். ஆனால் உங்கள் டெமோவைப் பார்த்து "ஐ வாஸ் போல்டு ஓவர்" என்று ஒருவர் எழுதினால், அசந்துபோய்விட்டார் என்று அர்த்தம். பெரும்பாலும் பாராட்டுதான். மகிழ்ச்சியோடு நன்றி சொல்லுங்கள்.

ஒரே சொல், நேர் எதிர் அர்த்தம்

"லெட்ஸ் டேபிள் திஸ்" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? பதில், சொன்னவர் எந்த நாட்டுக்காரர் என்பதைப் பொறுத்தது.

பிரிட்டனில் ஒன்றை டேபிள் செய்வது என்றால் விவாதத்துக்கு எடுத்து வைப்பது. நம் நாடாளுமன்றச் செய்திகளில் மசோதாவை, அறிக்கையை மேசையில் வைத்தார்கள் என்று படிப்பதும் அதே பழக்கத்தில் வந்ததுதான். அமெரிக்காவில் அப்படியே தலைகீழ். டேபிள் செய்வது என்றால் இப்போதைக்கு ஒத்திவைப்பது, ஓரம் கட்டுவது.

இந்தக் குழப்பத்தில் சிக்கியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ உயரதிகாரிகள் பேச்சு நடத்தியபோது, ஓர் அறிக்கையை அவசரமாக எடுத்துப் பேச வேண்டும் என்ற எண்ணத்தில் பிரிட்டிஷ் தரப்பு அதை டேபிள் செய்யச் சொன்னது. அமெரிக்கர்களும் அதை முக்கியமாக நினைத்ததால், டேபிள் செய்யவே கூடாது என்றார்கள். நீண்ட நேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான் இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றையே என்று புரிந்தது. போரைப் பற்றிய தன் நூலில் வின்ஸ்டன் சர்ச்சிலே இதைப் பதிவுசெய்திருக்கிறார். இரு தரப்புக்கும் தாய்மொழி ஆங்கிலம்தான் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு தொடர் புரியவில்லை என்றால் உங்கள் ஆங்கிலம் மோசம் என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

"பாம்" என்ற சொல்லும் இப்படித்தான். நிகழ்ச்சி "வென்ட் லைக் எ பாம்" என்று லண்டன்காரர் சொன்னால் அமோக வெற்றி. "இட் பாம்டு" என்று நியூயார்க்காரர் சொன்னால் படுதோல்வி. "கொயட் குட்" என்பதில் அமெரிக்கரின் குரலில் நிஜமான பாராட்டு இருக்கும். பிரிட்டிஷ்காரர் சொன்னால், பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்திருக்கலாம் என்ற தொனியும் இருக்கலாம்.

மென்மையான சொல், கனமான செய்தி

ஆபீஸ் மரபுத்தொடர்கள் பலவற்றின் வேலையே கசப்பான விஷயத்துக்குச் சர்க்கரை தடவுவது. உதாரணமாக "வீ ஹேவ் டு லெட் யூ கோ". சொல்லுக்குச் சொல் பார்த்தால், "உங்களைப் போக விட வேண்டியிருக்கிறது". அட, இன்னைக்கு சீக்கிரம் கிளம்பலாம் போலிருக்கே என்று நினைத்துவிடாதீர்கள். வேலை போய்விட்டது என்பதுதான் செய்தி.

இந்த வகையில் அடிக்கடி காதில் விழும் சில தொடர்கள்:

- பேக் பர்னர்: உங்கள் ப்ராஜெக்ட் பின் அடுப்புக்குப் போய்விட்டது. கைவிடவில்லை, ஆனால் இப்போதைக்கு யாரும் கிளறப் போவதில்லை. அடுத்த மாதத் திட்டத்தில் அதை நம்பி இருக்காதீர்கள்.

- தட் ஷிப் ஹேஸ் செய்ல்டு: கப்பல் கிளம்பிவிட்டது. வாய்ப்பு முடிந்தது. இதற்கு மேல் அதே கோரிக்கையோடு இன்னொரு மெயில் அனுப்பிப் பயனில்லை.

- லெட் மீ ஸ்லீப் ஆன் இட்: ஒரு ராத்திரி யோசித்துச் சொல்கிறேன். சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. நாளை மறுபடியும் கேட்கலாம்.

- கட்டிங் கார்னர்ஸ்: செலவைக் குறைப்பது இல்லை. தரத்தில் கைவைத்துக் குறுக்குவழியில் வேலையை முடிப்பது. உங்கள் வேலையைப் பற்றி இப்படிச் சொன்னால் அது குற்றச்சாட்டு.

- த்ரோ அண்டர் தி பஸ்: தான் தப்பிக்க உடன் இருப்பவரை மாட்டிவிடுவது. "என்னைக் கோத்துவிட்டான்" என்று நாம் சொல்வது கிட்டத்தட்ட இதுவேதான்.

- எலிஃபன்ட் இன் தி ரூம்: கொள்ளேகாலைச் சுற்றியுள்ள காட்டுப்பக்கத்தில் யானை நிஜமாகவே ரோட்டுக்கு வரும். மீட்டிங் ரூமுக்குள் வரும் யானை வேறு. எல்லார் கண்ணுக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத பெரிய பிரச்சினை அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்ற நம் பழமொழி இதற்குச் சரியாகப் பொருந்தாது. பூசணிக்காயை மறைப்பவர் ஒருவர். யானையைப் பார்க்காதது போல் நடிப்பவர்கள் எல்லாரும்.

நம்ம ஊர் ஆங்கிலத்தின் கொள்ளேகால்கள்

இதுவரை அவர்கள் பேசுவது நமக்கு ஏன் புரிவதில்லை என்று பார்த்தோம். நாம் பேசும் ஆங்கிலம் அவர்களுக்குப் புரிகிறதா?

"ஐ பாஸ்டு அவுட் இன் 2019" என்று இன்டர்வியூவில் சொன்னால், 2019-இல் நீங்கள் மயங்கி விழுந்ததாக அமெரிக்கர் நினைப்பார். பட்டம் பெற்றதைச் சொல்ல "கிராஜுவேட்டட்" போதும். "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்றால் நமக்கு வெளியூர், அவருக்கு எந்த ரயில்வே ஸ்டேஷன் என்று குழப்பம். "பேப்பர் போட்டுட்டேன்" என்றால் ஐடி ஊழியர் எல்லாருக்கும் ராஜினாமா என்று தெரியும். அதை அப்படியே ஆங்கிலமாக்கினால் வெளிநாட்டவருக்கு ஒன்றும் விளங்காது.

கவனமாக இருக்க வேண்டிய சொற்கள் இரண்டு. முதலாவது, "ஐ ஹேவ் எ டவுட்". தமிழில் "சார், ஒரு சந்தேகம்" என்பது மரியாதையான கேள்வி. வகுப்பறையில் இருந்தே நமக்கு அப்படித்தான் பழக்கம். ஆங்கிலத்தில் டவுட் என்றால் அவநம்பிக்கை. கிளையன்ட் தன் திட்டத்தை விளக்கி முடித்ததும் நீங்கள் "ஐ ஹேவ் எ டவுட்" என்றால், இதெல்லாம் நடக்காது என்று நீங்கள் நினைப்பதாக அவர் எடுத்துக்கொள்ளலாம். "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்று மாற்றினால் பிரச்சினை முடிந்தது.

இரண்டாவது, "ப்ளீஸ் ரிவர்ட்". நமக்கு அது பதில் போடுங்கள். ஆனால் ரிவர்ட் என்பதன் பொதுவான பொருள், பழைய நிலைக்குத் திரும்புவது. கோடு எழுதும் டீமில் ரிவர்ட் என்றால் செய்த மாற்றத்தை நீக்கிவிடு என்று அர்த்தம். கோடு பற்றிய மெயிலின் கடைசியில் "கைண்ட்லி ரிவர்ட்" என்று எழுதினால், எதிரில் இருப்பவர் நீங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து செய்த மாற்றத்தைக் கழற்றிவிட வாய்ப்பிருக்கிறது.

இவையெல்லாம் தப்பான ஆங்கிலமா? இல்லை. சென்னைக்கும் நொய்டாவுக்கும் நடுவில் தாராளமாகப் பேசுங்கள். எல்லையைத் தாண்டும்போது மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அர்த்தம் தெரிந்தாலும் சொல்லக் கூடாதது

ஒதுக்கிவைக்கப்பட்டவரைக் குறிக்க ஆங்கில ஊடகங்களிலும் ஆபீஸ்களிலும் "பரையா" என்ற சொல் சர்வசாதாரணமாக வருகிறது. இந்தச் சொல் காலனியக் காலத்தில் தமிழ்நாட்டின் ஒரு சாதிப் பெயரிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. வெளிநாட்டவர் பலருக்கு இது தெரியாது. நமக்குத் தெரியும். கான்ஃபரன்ஸ் காலில் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும் சக ஊழியருக்கு அது தன் சமூகத்தின் பெயரை வசைச்சொல்லாகக் கேட்பது. "அவுட்காஸ்ட்" என்ற சொல்லிலும் சாதி ஒலிக்கிறது என்று தோன்றினால், "ஐசொலேட்டட்" என்று நேராகச் சொல்லலாம். அர்த்தம் எதுவும் குறைந்துவிடாது.

வாட்ஸ்அப் கதைகளை நம்பலாமா?

மரபுத்தொடர்களின் பிறப்பைப் பற்றிச் சுவையான கதைகள் நிறையச் சுற்றுகின்றன. "தி ஹோல் நைன் யார்ட்ஸ்" என்றால் ஒன்றுவிடாமல் முழுவதும் என்று அர்த்தம். ஒன்பது கெஜம் என்றதும் நம் நினைவு மடிசாருக்குத்தான் போகும். இது நம் புடவையிலிருந்து வந்த தொடர் என்று நெஞ்சை நிமிர்த்தும் பதிவுகளும் உண்டு. ஆனால் அதற்குச் சான்று இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஊர்ப் பத்திரிகைகளில் இந்தத் தொடர் தென்படுகிறது. ஒன்பதுக்குப் பதிலாக "ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்" என்றும் எழுதியிருக்கிறார்கள். எண்ணே மாறியிருப்பதால், புடவையையோ வேறு எதையோ அளந்து வந்த தொடராக இது தெரியவில்லை. தொடரைப் பயன்படுத்த அதன் கதை தேவையில்லை. ஞாபகம் வைத்துக்கொள்ள உதவினால் சரி, கிளையன்டிடம் வரலாறாகச் சொல்ல வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது?

முதல் விஷயம், பயப்பட வேண்டாம். சிவப்பு நாடா, குதிரை பேரம், பனிப்பாறையின் நுனி, கறுப்பு ஆடு என்று நாம் தினமும் செய்தியில் படிப்பவை எல்லாம் ஆங்கில மரபுத்தொடர்களின் தமிழாக்கங்கள்தான். பனிப்பாறையைக் கண்ணால் பார்க்காமலே அந்தத் தொடரைச் சொந்தமாக்கிக்கொண்டோம். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தால் பேஸ்பாலும் அப்படியே பழகிவிடும்.

இரண்டாவது, கேட்டுவிடுங்கள். "அதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கக் கூச்சமாக இருந்தால், நீங்கள் புரிந்துகொண்டதைத் தேதியோடும் எண்ணோடும் திருப்பிச் சொல்லுங்கள். "ஜஸ்ட் டு கன்ஃபர்ம், வீ வில் டிஸ்கஸ் திஸ் நெக்ஸ்ட் மண்டே, நாட் டுடே. ரைட்?" இந்த ஒரு வரி போதும். டேபிள் எந்த நாட்டு டேபிளாக இருந்தாலும் குழப்பம் தீர்ந்துவிடும். சர்ச்சிலின் அதிகாரிகள் இதைச் செய்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

மூன்றாவது, நிறையப் புரிந்துகொள்ளுங்கள், குறைவாகப் பயன்படுத்துங்கள். ஒரு மெயிலில் நான்கு மரபுத்தொடர் இருந்தால் அது சரளம் ஆகிவிடாது. உங்கள் காலில் ஜப்பானியரோ ஜெர்மானியரோ இருக்கலாம். அவர்களுக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். "வீ நீட் டூ மோர் டேஸ்" என்ற எளிய வாக்கியத்தை எல்லாரும் ஒரே மாதிரி புரிந்துகொள்வார்கள்.

அந்த சர்வர் கதைக்குத் திரும்புவோம். "என்ன ஜோக்?" என்று டெக்சஸ் மேனேஜர் கேட்டபோது அந்தப் பையன் என்ன சொல்லியிருக்கலாம்? கொள்ளேகாலை வழியிலேயே இறக்கிவிட்டு, அதன் உள்ளே இருக்கும் செய்தியை மட்டும் கொண்டுபோயிருக்கலாம்: "எங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் முயன்றுவிட்டோம், காரணம் பிடிபடவில்லை, உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்தால் நல்லது." அதைக் கேட்ட மேனேஜர் ரேட் கேட்டிருக்க மாட்டார். உதவிக்கு ஆள் அனுப்பியிருப்பார்.